அரிசி டிரம் மேல் உட்கார்ந்த அதிகாரி

என் அம்மாவை முதன்முதலாக இண்டர்வியூ செய்தவள் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. உறையூரில் நாங்கள் குடியிருந்த மாடிப் போர்ஷனின் சமையலறையில், அரிசி டிரம்மின் மேல் ஒரு தலையணையைப் போட்டு ஏறி உட்கார்ந்துகொள்வேன். கால் தரைக்கு எட்டாது. அதிகாரி என்றால் கண்ணாடி போட்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆகவே பீரோவிலிருந்து அப்பாவின் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்வேன். அப்பா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அவருக்குப் பவர் அதிகம். அதன் வழியாகப் பார்த்தால் அடுப்பு, குக்கர், அம்மா எல்லாமே மங்கலாகத்தான் தெரியும். பதவிக்காக அதைப் பொறுத்துக்கொண்டேன்.

அம்மா சமையலறை வாசலில் நின்று, "மே ஐ கம் இன், சார்?" என்பாள். நான் இல்லாத காகிதங்களைப் புரட்டிக்கொண்டே அவளைக் கொஞ்ச நேரம் காக்க வைத்துவிட்டு, "எஸ்" என்பேன். காக்க வைப்பதுதான் அதிகாரிக்கு அழகு என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. இத்தனை வருடம் அலுவலகங்களில் குப்பை கொட்டியபின் யோசித்தால், பத்து வயதில் நான் போட்ட கணக்கு ஒன்றும் தப்பில்லை.

அப்பா மலைக்கோட்டைக்குக் கீழே, கடைவீதிச் சந்து ஒன்றில் இருந்த வங்கியில் கிளார்க்காக இருந்தார். ஒருநாள் காலை நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வங்கியில் அம்மாவுக்கு வாரிசு வேலை கொடுத்தார்கள். அதே கிளை. சில மாதங்களில் அதே மூன்றாம் நம்பர் கவுண்டர். நாற்காலிகூட அதேதான் என்று நினைக்கிறேன். வங்கியில் எல்லோரும் நல்லவர்கள். ஆனால் நான்கு வருடம் கழித்தும் அம்மாவுக்கு அங்கே பெயர் கிடையாது. "சார் வீட்டம்மா" என்பார்கள். டீ கொண்டு வருகிறவர், "சார் வீட்டம்மாவுக்குச் சர்க்கரை கம்மி" என்று சத்தம் போடுவார். அவள் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் 'என் தாய்' என்று கட்டுரை எழுதச் சொன்னபோது, என் அம்மா என் அப்பாவின் சீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள் என்று பெருமையாக எழுதினேன். டீச்சர் 'குட்' போட்டிருந்தார். அம்மா அதைப் படித்துவிட்டு நோட்டை மூடி வைத்தாள்.

"இது உங்கப்பா சம்பாதிச்ச வேலைடி. எனக்குன்னு நான் ஒண்ணு சம்பாதிக்கணும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. யார் சம்பாதித்தால் என்ன, ஒன்றாம் தேதியானால் சம்பளம் வருகிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம்தான் அம்மா ஆபீசர் ப்ரமோஷனுக்குத் தேர்வு எழுதினாள். அந்தக் கிளையில் பெண்கள் யாரும் அதை எழுதுவதில்லை. ஆபீசர் ஆனால் வெளியூருக்கு, பெரும்பாலும் வெளி மாநிலத்துக்கே தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஆண்களிலேயே பாதிப் பேர் பாஸ் செய்து, ஸ்வீட் கொடுத்து, வாழ்த்து வாங்கிக்கொண்டு, ஆர்டர் வந்ததும் குடும்பச் சூழ்நிலையால் ப்ரமோஷன் வேண்டாம் என்று ஒரு கடிதம் கொடுத்துவிடுவார்கள். அதற்கு 'எழுதிக் கொடுக்கிறது' என்று பெயர். எழுதிக் கொடுத்தால் சில வருடங்களுக்கு மறுபடியும் தேர்வு எழுத முடியாது. அதை யாரும் தோல்வி என்று எடுத்துக்கொள்வதில்லை. கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதுவது மாதிரி ஒரு நடைமுறை.

அம்மா காலையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே ஆங்கிலப் பத்திரிகையை உரக்கப் படிப்பாள். நான் இங்கிலீஷ் மீடியம். எனவே பல் தேய்த்தபடியே திருத்துவேன். 'ரெஸ்பான்ஸிபிலிட்டி' என்ற சொல் மட்டும் அவளுக்கு வரவே வராது. நடுவில் எங்காவது ஒரு எழுத்து விழுந்துவிடும். "மெதுவா, மூணா உடைச்சுச் சொல்லும்மா" என்பேன். அவள் உடைத்துச் சொல்வாள். சேர்த்துச் சொன்னால் மறுபடி விழும். இருவரும் சிரிப்போம். எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்ட நாட்கள் அவைதான். மற்ற நாட்களில் நான் பள்ளிவிட்டு வந்து, கழுத்தில் தொங்கும் சாவியால் கதவைத் திறந்து, அம்மா வரும்வரை ரேடியோவைப் பேசவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

எழுத்துத் தேர்வில் பாஸ் ஆனதும் இண்டர்வியூ ஒத்திகை ஆரம்பமானது. கூட வேலை பார்க்கிறவர் ஒருவர் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். கடைசிக் கேள்வியை நான் குரலைக் கனமாக்கிக்கொண்டு கேட்பேன். "வெளி மாநிலத்துல போஸ்டிங் போட்டா போவீங்களா?"

முதல் சில நாள் அம்மா அந்த இடத்தில் திணறினாள். அடுப்பைப் பார்ப்பாள். நான் கண்டித்தேன்.

"தயங்கக் கூடாதும்மா. தயங்கினா மார்க் போயிடும்."

பத்தாவது நாள் டக்கென்று பதில் வந்தது. "எங்க போட்டாலும் போவேன், சார்."

"பத்துக்குப் பத்து" என்றேன். "தேங்க் யூ, சார்" என்று பிளாஸ்டிக் ஸ்டூலிலிருந்து எழுந்து, வாசல்வரை போய், திரும்பி அம்மாவாக உள்ளே வந்து குக்கரை வைத்தாள். தினமும் இப்படித்தான். அந்தக் கேள்விக்குள் நானும் இருக்கிறேன் என்பது அரிசி டிரம்மின் மேலிருந்த அதிகாரிக்குத் தோன்றவே இல்லை.

நிஜ இண்டர்வியூவிலும் அம்மா தேறினாள். ஆர்டர் வந்தது. ஒடிசாவில் நாங்கள் கேள்விப்படாத ஓர் ஊர். அட்லஸை விரித்து விரலால் அளந்து பார்த்தேன். திருச்சியிலிருந்து நாலரை விரல். எனக்கு ஒரே உற்சாகம். ரயிலில் ஜன்னலோர சீட்டு எனக்குத்தான் என்று அறிவித்தேன். அப்போதுதான் அம்மா மெதுவாகச் சொன்னாள். அங்கே பள்ளிக்கூடம் எப்படியோ, பாஷை எப்படியோ, வீடு கிடைக்குமோ கிடைக்காதோ. இரண்டு வருடம் அவள் மட்டும் போய் வருவாள். நான் ஸ்ரீரங்கத்தில் மாமா வீட்டில் இருந்து படிக்க வேண்டும்.

"காலாண்டு லீவுல ஒரு வாரம் மாமா வீட்ல இருந்து பாரு கண்ணு. பிடிக்கலைன்னா சொல்லிடு." அந்த வாரத்துக்குள் அவளும் வங்கிக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

மாமா வீட்டில் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அதுதான் கஷ்டம். குறை வைத்திருந்தால் இன்றைக்குச் சொல்ல வசதியாக இருந்திருக்கும். அத்தை ஒவ்வொரு தோசைக்கும், "இன்னொண்ணு போடட்டுமா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள், தட்டில் விழும். கேட்டால் எனக்கு 'போதும்' என்றுதான் வந்தது. மாமா பெண்கள் இருவரும் என்னைவிடப் பெரியவர்கள். சாயங்காலம் டியூஷன் போய்விடுவார்கள். என் பெட்டியைப் பத்திரமாகப் பரண்மேல் வைத்துவிட்டார்கள். ஒரு பென்சில் வேண்டுமென்றாலும் யாரிடமாவது சொல்லி இறக்க வேண்டும். கொல்லைக் கொடியில் அந்த வீட்டில் ஒவ்வொருவர் துண்டுக்கும் ஓர் இடம் இருந்தது. நான் என் துண்டை மடித்து ஓரத்தில் நுழைத்துவிட்டு வருவேன். திரும்பிப் பார்த்தால் யாராவது அதை எடுத்து ஜன்னல் கம்பியில் போட்டிருப்பார்கள். கோபத்தில் அல்ல. அவர்கள் கை பழகிய இடத்தில் அவர்கள் துண்டைப் போட்டார்கள், அவ்வளவுதான். நாலு நாளும் ஈரத் துண்டால்தான் துடைத்துக்கொண்டேன்.

அம்மா தினமும் ஆறு மணிக்குப் போன் செய்வாள். போன் ஹாலில் இருந்தது, எல்லோரும் சுற்றி இருப்பார்கள்.

"சாப்ட்டியா?"

"ம்."

"அங்க பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு" என்றேன். தயங்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவளே நான்தானே.

ஐந்தாம் நாள் மதியம், அத்தை கண்ணயர்ந்த நேரம். காலையில் பென்சில் வேண்டுமென்று சொல்லி இறக்கிய ஜாமெட்ரி பாக்ஸில் அவசரத்துக்கென்று அம்மா வைத்திருந்த சில்லறையையும், ஜன்னல் கம்பியில் கிடந்த என் துண்டையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினேன். "கூட யாரு பாப்பா?" என்று கண்டக்டர் கேட்டார். முன்சீட்டில் இருந்த ஒரு பச்சைப் புடவையைக் காட்டினேன். பாலம் தாண்டும்போது காவிரியில் தண்ணீர் ஓடியது. பச்சைப் புடவை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்டது. அடுத்து நான் இறங்க வேண்டிய இடம்வரை கண்டக்டர் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். மெயின்கார்டு கேட்டில் இறங்கி, ஜவுளிக்கடைக் கூட்டத்துக்குள் புகுந்து வங்கிக்கு வந்து சேர்ந்தேன்.

மூன்றாம் நம்பர் கவுண்டரில் வரிசை நின்றது. நேராக உள்ளே ஓடியிருக்கலாம். ஏனோ தோன்றவில்லை. வரிசையில் போய் நின்றேன். எனக்கு முன்னால் ஏழு பேர். ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். என் முறை வந்தபோது என் தலை கவுண்டர் விளிம்புக்குச் சரியாக இருந்தது. அம்மா எதையோ எழுதிக்கொண்டே நிமிராமல் கையை நீட்டி, "பாஸ் புக் குடுங்க" என்றாள். என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. கை அப்படியே நீண்டிருந்தது. பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

அந்த முகத்தை நான் கண்ணாடி இல்லாமல் பார்த்தேன். அதில் பயம் இருந்தது. என்மேல் கோபப்படுவாள் என்று நினைத்திருந்தேன், பயப்படுவாள் என்று நினைக்கவில்லை.

அதற்குள், "நம்ம சார் பொண்ணுல்ல இது! அச்சு அசல் அப்பா" என்று கிளையே கூடிவிட்டது. மேனேஜர் பிஸ்கட் வரவழைத்தார். பக்கத்துக் கவுண்டர்காரர் தணிந்த குரலில், நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். "புள்ள பாவங்க. எழுதிக் குடுத்துடுங்க. யாரு உங்களைத் தப்பா நினைக்கப் போறா?"

அம்மா மாமாவுக்குப் போன் செய்தாள். மிச்சம் நின்ற வரிசையை முடித்தாள். பர்மிஷன் போட்டுவிட்டு என்னை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

"அங்க யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் வந்தே?"

ஐந்து நாளாகச் சேர்த்து வைத்திருந்த காரணங்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "என் துண்டைக் காயப்போட எடமில்லம்மா" என்றேன்.

உறையூர் வரும்வரை அம்மா ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இப்போது நான் புனேயில் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். மூன்று ப்ரமோஷன், மூன்று ஊர். ஒவ்வொரு முறையும் எங்கே போட்டாலும் போகிறேன் என்று சொன்னேன். தயங்குவதற்கு எனக்கு ஆளில்லை. பால்கனிக் கொடியில் முழு நீளத்துக்கும் என் துண்டு ஒன்று மட்டும் காய்கிறது. வேலையில் பாதி நேரம் இண்டர்வியூ செய்வதுதான். வெளியூர் போகத் தயாரா என்று ஒரு கேள்வி உண்டு. எதிரே இருப்பவர் தடுமாறாமல் 'யெஸ்' என்றால் படிவத்தில் ஒரு டிக் போடுவேன். தடுமாறினால் என் கை நின்றுவிடுகிறது. அவர் எந்த அடுப்பைப் பார்க்கிறார் என்று தேடத் தோன்றுகிறது. கம்பெனிக்குத் தெரியாமல் அவர்களுக்கும் டிக் போட்டதுண்டு.

அம்மா கிளார்க்காகவே ஓய்வு பெற்றாள். மறுபடி தேர்வு எழுதும் காலம் வந்தபோது அவள் எழுதவில்லை. ஏன் என்று நான் கேட்கவுமில்லை. பிரிவு உபசார விழாவுக்கு ஒருநாள் லீவு போட்டுப் போயிருந்தேன். அம்மாவுக்கு மகன் வயதில் இருந்த புது மேனேஜர் சால்வையைப் போர்த்திவிட்டு, கையிலிருந்த தாளைப் பார்த்துப் படித்தார். "நமது கிளையின் மறைந்த ஊழியர் சாருடைய துணைவியார் அவர்கள்..." எல்லோரும் கை தட்டினார்கள். அம்மாவும் தட்டினாள். நான் எழுந்து அவள் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறுநாள் காலை எனக்கு ஒரு மீட்டிங் இருந்தது, ராத்திரி வண்டி பிடித்துவிட்டேன்.

ஆனால் நான் திரும்பத் திரும்ப நினைப்பது அந்த விழாவை அல்ல, காலாண்டு லீவின் அந்தச் சாயங்காலத்தை. பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்ததும் அம்மா என் துண்டை நன்றாக உதறி, கொடியின் நட்டநடுவில் போட்டாள். புடவைகூட மாற்றாமல் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுத ஆரம்பித்தாள். முடித்ததும் என்னைக் கூப்பிட்டாள்.

"இங்கிலீஷ்ல எழுதியிருக்கேன். படிக்கிறேன், தப்பிருந்தா சொல்லு."

ஒத்திகை மறுபடி ஆரம்பித்துவிட்டது என்று எனக்குக் குஷி. ஓடிப்போய் அப்பாவின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிரம்மின் மேல் ஏறினேன். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து படித்தாள். ப்ரமோஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிற கடிதம் அது என்பது எனக்கு விளங்கியது. அதாவது அம்மா எங்கேயும் போகவில்லை, நான் ஜெயித்துவிட்டேன். அதற்குமேல் எனக்கு எதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை. உச்சரிப்பை மட்டும் கவனித்தேன். நடுவில் 'ஃபேமிலி ரெஸ்பான்ஸிபிலிட்டி' என்று வந்தது. ஓர் எழுத்துகூட விழாமல், உடைக்காமல், ஒரே மூச்சில் சொன்னாள்.

"பத்துக்குப் பத்து!" என்று கத்தினேன்.

"தேங்க் யூ, சார்" என்றாள் அம்மா.

வழக்கமாக உடனே எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வருவாள். அன்று எழுந்திருக்கவில்லை. தாளை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் கண்ணாடி வழியாக அவள் முகம் எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நானும் சிரித்தேன்.