டோரதி வாங்கிய கிரில்

யாரோ சொன்னார்கள், யாருக்கோ நடந்தது என்று இதை எழுதவில்லை. கரோலினுக்கு நடந்தது. ராயபுரத்தில் எங்கள் தெருவில் மூன்றாவது வீடு. அவளுக்குப் பொய் சொல்ல வராது. பொறாமைப்பட மட்டும் நன்றாக வரும். அதை அவளே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்வாள். இப்போது சிரிப்பதில்லை.

பிராங்கிளினுக்கு அவள் இரண்டாவது மனைவி. ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவன், நல்ல சம்பளம், குடி கிடையாது. முதல் மனைவி டோரதி நோயில் விழுந்து, அந்த வீட்டுப் படுக்கையறையிலேயே இறந்து இரண்டு வருடம் ஆகிறது. உயிரோடு இருக்கிற ஒருத்தி என்றால் தெருவில் நிறுத்தி நாலு வார்த்தை கேட்கலாம். செத்துப்போனவளை என்னவென்று கேட்பது? மீன் குழம்பு வைத்தால், "டோரதி இதுல மாங்கா போடுவா" என்பான். கரோலினுக்கு வயிறு எரியும்.

கல்யாணமாகி வந்ததும் திரைச்சீலையை மாற்றினாள். மெத்தை, பாத்திரம், சுவரின் நிறம்... எல்லாவற்றுக்கும் அவன் தலையாட்டினான். படுக்கையறை ஏசி கிரில்லை மாற்றலாம் என்றபோதுதான் முகம் மாறியது.

அந்த வீட்டில் ஹாலுக்கு மேலே பரணில் ஒரே பெரிய ஏசி. அங்கிருந்து தகரக் குழாய் வழியாக அறைகளுக்குக் காற்று போகும். சுவரில் அது வெளியே வரும் ஓட்டைக்குத்தான் கிரில். பழுப்பேறிய வெள்ளையில், ஓரமெல்லாம் பூ வேலைப்பாடு. டோரதி கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியதாம்.

"அத்த மட்டும் தொடாத, கரோ."

"இன்னாத்துக்கு?"

"சொன்னா கேளு."

அவ்வளவுதான் பேச்சு. அன்றிலிருந்து அந்தக் கிரில் அவளுக்குக் கண்ணில் விழுந்த தூசி ஆகிவிட்டது.

போதாததற்கு, காற்றும் அவன் பக்கம்தான் போனது. கிரில்லில் இருந்த தகடுகளைத் தன் பக்கம் பார்த்துத் திருப்பி வைத்துப் படுப்பாள். கொஞ்ச நேரத்தில் இவளுக்குக் கழுத்தெல்லாம் வியர்க்கும். அவன் குளிரில் போர்வையை இழுத்துப் போர்த்தி, தூக்கத்தில் சிரித்துக்கொண்டிருப்பான். அவன் தலைக்கு மேலே ஆணியில் தொங்கிய ஜெபமாலை ஆடும். எழுந்து பார்த்தால் தகடுகள் அவள் வைத்தபடியே இருக்கும். இவள் பக்கம் பார்த்தபடி...

செத்தும் விடமாட்டாளா இவள் என்று கரோலினுக்கு ஆத்திரம் வந்தது. அந்தக் கட்டிலில் பாதி தன்னுடையது என்று காட்ட வேண்டும். ஏசி வேலை பார்க்கும் தாவூதைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அவன் டோரதி காலத்து ஆள், "டோரதிக்கா" என்று ஆரம்பிப்பான். வேண்டாம் என்று தானே டேப் வைத்து அளந்தாள். பாரிமுனையில் கடைக்காரர், "ஓட்டை அளவா, வெளிச்சட்டம் அளவா?" என்று கேட்டார்.

"அளந்துதாங்க வந்திருக்கேன். குடுங்க."

வெளிச்சட்டத்தைத்தான் அளந்திருந்தாள்.

அவன் வேலைக்குப் போன ஒரு மத்தியானம். ஸ்டூல் போட்டு ஏறினாள். பழைய கிரில் லேசில் வரவில்லை. ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பியதில் சட்டம் வளைந்து, பூ ஒன்று உடைந்தது. உண்மையைச் சொன்னால், அது உடைந்தபோது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

புதியது உள்ளே போகவில்லை. ஓட்டையைவிட நாலு பக்கமும் பெரிது. பழையதையும் திரும்ப மாட்ட முடியாது. சுவரில் இருட்டாக ஓட்டை மட்டும் இருந்தது. அவன் வந்தால் என்ன சொல்வது என்று யோசித்தபடி கட்டிலில் உட்கார்ந்தாள்.

டப் என்று கரண்ட் போனது.

மின்விசிறி நின்றது. ஏசியின் உறுமலும் நின்றது. தெருக்கோடியில் கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்துப் போனது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

ஜெபமாலை ஆடிக்கொண்டிருந்தது.

மெல்ல ஸ்டூலில் ஏறி, ஓட்டைக்கு நேராகக் கையை நீட்டினாள். சில்லென்று காற்று. நின்றது. மறுபடி வந்தது. நின்றது... வந்தது...

யாரோ தூங்குகிற மாதிரி.

வேறொருத்தி என்றால் ஓடியிருப்பாள். கரோலினுக்குப் பயத்தைவிடப் பொறாமை பெரிது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"போதும்டி. அது இப்போ என் புருசன்."

காற்று நின்றது.

ஜெபமாலை நின்றது.

பிறகு முதல் முறையாக... காற்று அவள் பக்கம் திரும்பியது.

காதோரம் முடி அசைந்தது. ஸ்டூலிலிருந்து இறங்கினாள். கூடவே இறங்கியது. கதவை நோக்கி நடந்தாள். பின்கழுத்தில் பட்டது.

இப்போது அது குளிராக இல்லை.

சூடாக இருந்தது.

லேசாகத் தைல வாசனை...

தெருவுக்கு வந்த பிறகுதான் அவளுக்குக் கத்தவே வந்தது.

வேறு வழியில்லாமல் தாவூதுக்குப் போன் போட்டாள். சாயங்காலம் சரியான அளவில் கிரில்லோடு வந்தான். அவள் வாசற்படியில் நின்றுகொண்டாள். ஸ்டூலில் ஏறி டார்ச் அடித்தவன் திரும்பிப் பார்த்தான்.

"இதுக்கு இன்னாத்துக்குக்கா கிரில்லு? இந்த ரூமுக்குக் காத்தே வராதே."

"வராதா?"

"நான்தானே அடச்சேன். டோரதிக்கா கடைசீல குளுரு தாங்காம, தைலத்த தேச்சிக்கினு நடுங்கிக்கினு இருந்தாங்கோ. அண்ணன்தான் அடைக்கச் சொல்லிச்சி. இங்க வந்து பாரு."

போய்ப் பார்த்தாள். ஒரு சாண் உள்ளே, ஓட்டை முழுக்கத் தகரம். சுற்றிலும் ஆணியடித்து, மேலே பட்டையாக டேப். இரண்டு வருடத் தூசு அதன்மேல் கலையாமல் படிந்திருந்தது.

நடந்ததைச் சொன்னாள். தாவூது கிரில்லைக் கட்டிலில் போட்டுவிட்டு, டார்ச்சைக்கூட எடுக்காமல் போய்விட்டான்.

அந்த நேரம் பார்த்து பிராங்கிளின் வந்தான். ஓட்டையைப் பார்த்தான். தரையில் உடைந்து கிடந்த பூவைப் பார்த்தான். கத்துவான் என்று நினைத்தாள். கத்தவில்லை.

"அடச்சிதான் கீதுன்னு உனக்குத் தெரியுமா?" அவள் கேட்டாள்.

"தெரியும்."

"அப்போ ராத்திரில... அது..."

அவன் கிட்டே வந்து, காதோரம் கலைந்திருந்த அவள் முடியையே பார்த்தான்.

"உங்கிட்டயும் வந்தாளா?"

அவன் முகத்தில் பயம் துளியும் இல்லை. இருந்தது என்னவென்று கரோலினுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் வயிற்றில் எரிந்துகொண்டிருந்த அதே நெருப்பு.

அன்று இரவு முதல் கரோலின் ஹாலில்தான் படுக்கிறாள். அறைக் கதவை அவன் உள்ளேயிருந்து தாழிட்டுக்கொள்கிறான்.