சிவகாமி டீச்சர் கேட்ட ஆந்தைக் குஞ்சு

செவ்வாய்க்கிழமை காலையில் நான் மரத்தடியில் நின்று ஆந்தைப் பொந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி பாக்கியம் தேயிலைக்குள் புகுந்து மூச்சிரைக்க ஓடி வந்தாள். "ஏங்க, டீச்சரம்மா போயிட்டாங்களாம். ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துச்சு." நான் மேலே பார்த்தேன். பொந்தின் வாயில் குஞ்சு அப்படியே உட்கார்ந்திருந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா என்று டீச்சர் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

சிவகாமி டீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து வட்டகொடைப் பக்கம் எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்குத் திரும்பவில்லை. என் பிள்ளைகள் மூவருக்கும் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர், என் எழுபத்தொரு வயதில் எனக்கும் சொல்லிக் கொடுத்தார். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை, பேனாவை அழுத்தினால் தாள் கிழியும். "மாரிமுத்து அண்ணை, அது தேயிலைச் செடி இல்லை. மெல்ல!" என்பார். இதை இப்போது நானே எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு பொழுது போகிறது. சாவுச் செய்தி எழுதும்போதும், எழுத முடிகிற சந்தோஷம் அடங்க மாட்டேன் என்கிறது. டீச்சர் மன்னிப்பார்.

பங்குனியில் மலை உச்சி மரத்தில் ஆந்தை இரண்டு குஞ்சு பொரித்திருப்பதைச் சொன்னேன். அவருக்கு முழங்கால் வலி, ஏற முடியாது. "நீங்கள் போய்ப் பாத்து, ஒவ்வொரு நாளும் ஒரு வரி எழுதிக்கொண்டு வாங்கோ" என்றார். எழுதினேன். "பெரியது தலை ஆட்டியது. சின்னது தூங்கியது."

ஒருநாள் மூத்தது மரத்தடியில் கிடந்தது. விழுந்துவிட்டது என்று கொழுந்துக் கூடையில் போட்டு லயத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பாக்கியம் வாசலை மறித்தாள். "ஆந்தைய உள்ள கொண்டாந்தா குடும்பம் வெளங்குமா? அது உள்ள வந்தா நான் வெளிய!"

கூடையோடு டீச்சரிடம் ஓடினேன். எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "விழேல்லை அண்ணை, இறங்கினது. பறக்க முதலே கூட்டை விட்டு வெளிக்கிடும். தாய் பாத்துக்கொண்டுதான் இருந்திருக்கும். நீங்கள் செய்தது பிள்ளை பிடிக்கிற வேலை!"

திரும்பக் கொண்டுபோய் விட்டுத் தள்ளி நின்றேன். அது அலகாலும் நகத்தாலும் பட்டையைக் கவ்விக் கவ்வி மேலே ஏறியது. அன்று நான்கு வரி எழுதினேன்.

பிறகு டீச்சரை நெஞ்சு வலியென்று நுவரெலியா ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பஸ் பிடித்துப் போய் நின்றதும் கேட்டார், "இளையது வெளிக்கிட்டுதோ?" அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லிவிட்டேன். "போயிருச்சுங்க டீச்சர். ஜம்முனு பறந்துருச்சு."

"கொப்பியைக் காட்டுங்கோ."

பக்கம் வெறுமையாக இருந்தது. அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. "காணாததைச் சொல்லாதேங்கோ. கண்டு எழுதிக்கொண்டு வாங்கோ. நான் இருக்கிறன்."

அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு மரத்துக்கு ஓடுவேன். குஞ்சு விளிம்புக்கு வரும், இறக்கையை விரிக்கும், உள்ளே போய்விடும். தாய் எதிர்க் கிளையில் இரையோடு கூப்பிட்டாலும் அசையாது. "எறங்கேன் சனியனே, டீச்சர் காத்துக்கிட்டிருக்காங்க!" என்று கத்தியிருக்கிறேன். இன்னொரு முறை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். வெறும் கொப்பியோடு போக வெட்கமாக இருந்தது. அது என் தப்பு.

நேற்று தகனம் முடிந்தது. குளித்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல் ஈரத் தலையோடு மலை ஏறினேன். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. இளையது விளிம்பில் நின்றது, குனிந்தது, குதித்தது. நின்ற நிலையிலேயே கொப்பியைத் தொடையில் வைத்து எழுதினேன். எழுத்துக் கோணல்தான்.

போய் வாருங்கள், டீச்சர். நான் கண்டது இது:

"இளையது வெளிக்கிட்டது. பறக்கவில்லை. கிளையில் தலைகீழாகத் தொங்கியது. ரொம்ப நேரம் இறக்கையை அடித்துக்கொண்டது. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தது. தாய் பக்கத்தில் வந்தது. பனி மூடிவிட்டது."