பின் சீற்றுக்காரி

நான் இதுவரை சொன்ன உண்மைகளில் மிகச் சந்தோஷமாகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். அப்போது எனக்குப் பதினொரு வயது. அதற்காக எனக்கு ஓர் அடிகூட விழவில்லை. விழுந்திருந்தால் அது அன்றோடு முடிந்திருக்கும்.

உடுப்பிட்டியில் பெரியப்பாவிடம் ஓர் ஏ போட்டி கார் இருந்தது; ஏ நாற்பது என்பதை ஊர் அப்படித்தான் சொல்லும். அந்தப் பழைய இங்கிலீஷ் காரைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் இல்லை. சண்டைக்குள் மண்ணெண்ணெயில் ஓடிய காலம் போய்ப் பெற்றோலுக்குத் திரும்பிப் பல வருடமாகியும், மழைநாளில் அதற்குள் மண்ணெண்ணெய் வாசம் அடிக்கும். பால்வெள்ளை நிறம். ஊரில் கலியாணமென்றால் மாப்பிள்ளை ஏறுவது அதில்தான்.

நாங்கள் அந்த வீட்டின் பக்கத்து அறையில் இருந்தோம். எங்கள் சொந்த வீடு இரண்டு வளவு தள்ளி, யன்னல் மட்டம்வரை எழும்பி, அதற்குமேல் எழும்ப மனமில்லாமல் நின்றது. அப்பாவுக்கு ஒரு முழங்கால் மடங்காது. சண்டை தந்த பரிசு. காலை நீட்டியபடியே வெங்காயத் தோட்டத்தில் களை பிடுங்குவார். அவர் கார் ஓட்டி நான் பார்த்ததில்லை.

பெரியப்பாவின் மகள் என்னைவிட ஐந்து மாதம் மூத்தவள். அந்த ஐந்து மாதத்துக்காக நான் அவளை அக்கா என்று கூப்பிட வேண்டுமாம். கூப்பிடவில்லை. காரில் முன்சீற் அவளுடையது. ஹோனை அமத்துவது அவள். வகுப்பில் யாராவது கேட்டால் "ஓம், எங்கடை கார்" என்று சொல்வதும் அவள். கலியாண ஓட்டம் போனால் பலகாரப் பையோடு வந்து, எனக்குச் சரிபாதி தருவாள். தராமல் விட்டிருந்தால் அவளை வெறுப்பது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்! நான் அந்தப் பயற்றம் உருண்டையைத் தின்றுகொண்டே அவளை வெறுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் காரில் சேர்ச்சுக்குப் போவோம். நடந்தால் கால் மணித்தியாலம் போதும். பெரியம்மாவுக்குக் காரில் போய் இறங்க வேண்டும். மகளோ தானே கதவைத் திறந்து முன்சீற்றில் பாய்ந்து ஏறுவாள். பெரியப்பா சுற்றி வந்து பின்கதவைத் தன் கையால் திறந்து, "ஏறு பிள்ளை" என்பார். நான் ஏறியதும் மெதுவாகச் சாத்துவார். வேறு யாருக்கும் அவர் கதவு திறந்ததை நான் காணவில்லை. ஆட்டைக் கொட்டிலுக்குள் விடுகிற மாதிரி என்னை விடுகிறார் என்று நினைத்துக்கொள்வேன். வாசலில் இறங்கும்போது எல்லாரும் முன்கதவைத்தான் பார்க்கிறார்கள் என்றும் எனக்குத் தோன்றும்.

ஒருநாள் கச்சான் சரை கொட்டுண்டு, சிதறிய கடலையைப் பொறுக்குவதற்காகக் கால்மிதியைத் தூக்கினேன். முன்சீற்றுக்குப் பின்னால், காரின் தரையைக் குறுக்கே அறுத்ததுபோல் தடித்த வெல்டிங் தழும்பு ஓடியது. அதற்கு முன்பக்கம் பழைய பச்சைப் பெயின்ற். பின்பக்கம் நீலம். வெளியே பால்வெள்ளையாகச் சிரிக்கிற கார் உள்ளே இரண்டு கார்.

அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவரின் முகம் மாறிவிட்டது.

"உந்தக் கதையை ஒருத்தரிட்டையும் கதைக்காதை. வாயைத் திறந்தியோ தெரியும்."

அவ்வளவுதான். விளக்கம் ஏதும் இல்லை. பெரியப்பா ஏதோ களவு செய்திருக்கிறார், அம்மா பயந்துபோய் மறைக்கிறார் என்று நானே முடிவு கட்டினேன். அந்த ரகசியம் கையில் இருப்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அவள் ஹோன் அடிக்கும்போதெல்லாம் மனதுக்குள் 'பச்சை, நீலம்' என்று சொல்லிக்கொள்வேன்.

சண்டை ஓய்ந்து தெற்குக்குப் பாதை திறந்த புதிதில் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து பழைய கார்களைத் தேடித் திரிந்தார்கள். ஓடுவதற்கு அல்ல, சேர்த்து வைப்பதற்கு. இந்தப் பகுதிக் கார்கள் பல வருடம் வெளியே போகாமல் இருந்ததால் அசலாக இருக்கும் என்பது அவர்களின் எண்ணம். அப்படி ஒருவர் பெரியப்பாவின் காரைப் படத்தில் பார்த்துவிட்டு, நாங்கள் கனவிலும் கேட்காத விலையைத் தொலைபேசியில் சொன்னார். அசல் காராக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

வீடு தலைகீழாகிவிட்டது. அப்பா நீட்டிய காலோடு காருக்குக் கீழே படுத்து, அடித்தட்டு முழுக்கத் தார் பூசினார். இரண்டு நாள் பூசினார். பெரியப்பாவின் காருக்கு என் அப்பா ஏன் தாரில் புரள வேண்டும் என்று எனக்கு நெஞ்சு எரிந்தது. அவள் மதிலில் இருந்து காலாட்டிக்கொண்டு, "கார் வித்தா எனக்குப் புதுச் சைக்கிள். என்ரை பழசை உனக்குத் தாறன்" என்றாள்.

பழசை. எனக்கு. தாறாவாம்.

ஒரு சனிக்கிழமை காலையில் அந்தக் கொழும்புக்காரர் வந்தார். வெள்ளைக் காற்சட்டை போட்ட, சத்தமில்லாமல் கதைக்கிற மனிதர். காரின் பதிவுப் புத்தகத்தை வாங்கி, எஞ்சின் பக்கம் இருந்த நம்பரோடு ஒத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. குனிந்து கீழே பார்த்தார். தார். ஓட்டிப் பார்த்தார். அவருக்குப் பிடித்துவிட்டது என்று அவர் கதவுப்பிடியைத் தடவிய விதத்திலேயே தெரிந்தது. பெரியம்மா இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். அம்மா கதவு மறைவில் நின்றுகொண்டு சேலைத் தலைப்பை முறுக்கினார். அவர் ஏன் முறுக்க வேண்டும்?

எல்லாம் முடிகிற நேரம். வந்தவர் கமராவை எடுத்தார். "வீட்டுப் பிள்ளை முன்னுக்கு ஏறட்டும். ஒரு படம் எடுப்போம்."

வீட்டுப் பிள்ளை என்றால் அவள்தானே. அவள் ஏறி, ஹோனில் கைவைத்துச் சிரித்தாள். நானும் படத்தில் விழலாமென்று பக்கத்தில் போய் நின்றேன். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க மகள்" என்றார் அவர்.

தள்ளி நின்றேன். இரண்டடி தள்ளினால் பின்கதவு. அதைத் திறந்தேன். கால்மிதியை உருவி வெளியே போட்டேன்.

"ஐயா, இஞ்சை பாருங்கோ. இது ஒரு கார் இல்லை. ரெண்டு காரை வெட்டி ஒட்டினது. முன்னுக்குப் பச்சை, பின்னுக்கு நீலம்."

பொய் சொல்லக்கூடாது என்று ஞாயிறு பாடசாலையில் படித்ததும் அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது. என் வாய்க்குள் கற்கண்டு போட்டமாதிரி இருந்தது.

அவர் வெள்ளைக் காற்சட்டையோடு முழங்காலில் இருந்து, தழும்பை விரலால் தடவினார். "நல்ல வேலை. செஞ்சவர் கெட்டிக்காரர்" என்றார். கோபமே இல்லை. எழும்பித் தூசு தட்டியபடி பெரியப்பாவிடம் சொன்னார்: "ஓடுறதுக்கு நல்ல கார்தான். ஆனா எங்களுக்கு இது ரெண்டு அரைக் கார். புத்தகத்தில ஒன்னுதானே இருக்கு? வைச்சிருந்தாலும் பேர் இல்ல, வித்தாலும் விலை இல்ல. பேசினதில மூனில ஒரு பங்குக்கு மேல தர ஏலாது."

பெரியப்பா என் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "என்ன செய்வம்?"

"விடுங்கோ அண்ணை, குடுக்க வேண்டாம்" என்றார் அப்பா.

தன் காரைப் பற்றி இவர் ஏன் அப்பாவிடம் கேட்கிறார் என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் கொழும்புக்காரர் என் தலையைத் தடவி ஒரு பெரிய சொக்கிளேற் தந்தார். பிறகு தெரியவந்திருந்தால் பெரிய கரைச்சல் ஆகியிருக்குமாம். அதை அவளுக்கு முன்னால் வைத்து முழுவதையும் தின்றேன். ஒரு துண்டு கொடுக்கவில்லை. அவள் அழுததைப் பார்த்துக்கொண்டே தாளையும் நக்கினேன்.

அன்று பின்னேரம் அம்மாவைக் காணவில்லை. தேடிப் போனபோது, எங்கள் பாதி வீட்டுக்குள், கூரை இல்லாத அறையில் நின்று சுவரோரத்துப் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஆட்டுக்குப் புல் பிடுங்குகிறார் என்று நினைத்தேன். எங்களிடம் ஆடு இல்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. கூப்பிட்டேன், திரும்பவில்லை. அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. பெரியப்பா வழக்கம்போலச் சுற்றி வந்து பின்கதவைத் திறந்து, "ஏறு பிள்ளை" என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அந்தக் கார் இரண்டு வருடம் கழித்து நீர்வேலியில் கலியாணக் கார் ஓட்டுகிற ஒருவருக்கு அடிமாட்டு விலைக்குப் போனது. எங்கள் வீட்டுக்குக் கூரை ஏற ஏழு வருடம் சென்றது. அவள் இப்போது கனடாவில். தன் புதுக் காரின் முன்சீற்றில் இருந்து படம் எடுத்து அனுப்புவாள். இப்போதும் அதை இரண்டு தரம் பார்ப்பேன், இரண்டாம் தரம் நல்லெண்ணத்தோடு பார்ப்பதில்லை.

போன வருடம் நான் ஒரு பாவித்த ஸ்கூட்டி வாங்கினேன். அப்பா அதன் புத்தகத்தைக் கண்ணாடி போட்டு ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். பிறகு எழும்பிப்போய் றங்குப்பெட்டியைக் கிளறி, ஓரம் கரையான் தின்ற பழைய புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். "உந்தப் புத்தகத்தையும் சேர்த்து வைச்சிரு."

ஏ போட்டி. சொந்தக்காரர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர். நிறம் நீலம்.

அண்ணன் தம்பி இருவரிடமும் ஆளுக்கொரு கார் இருந்ததாம், இரண்டும் வாடகைக்கு ஓடியதாம். ஒரே கொட்டிலில் நின்றபோது சண்டையில் செல் குண்டு விழுந்தது. பெரியப்பாவுடையதற்குப் பின்பக்கம் போயிற்று. அப்பாவுடையதற்கு முன்பக்கம். மிச்சத்தைப் புத்தூரில் ஒரு கராஜில் கொடுத்து ஒன்றாக ஒட்டினார்கள். எஞ்சின் உள்ள பாதியின் புத்தகம் நிலைத்தது, மற்றது பெட்டிக்குப் போனது.

"வித்தா ஆளுக்குப் பாதி எண்டுதான் பேச்சு" என்றார் அப்பா. "எங்கடை பாதியிலை கூரையைப் போடுவம் எண்டு கொம்மா நாள் எண்ணிக்கொண்டிருந்தவ."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீ போய் ஆரிட்டையும் சொல்லிப்போடுவாய் எண்டு பயம்." சொல்லிவிட்டு அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பின்கதவுக்குள் என்னை ஒருநாளும் யாரும் ஆட்டைப்போல அடைக்கவில்லை. தன் தம்பியின் காரில் தம்பியின் மகள் ஏறுகிறாள் என்று பெரியப்பா ஒவ்வொரு ஞாயிறும் சுற்றி வந்து திறந்துவிட்டிருக்கிறார். நானோ என் வீட்டுக் காருக்குள் இருந்துகொண்டு, எனக்கொரு கார் இல்லையே என்று அவளின் பின்தலையைப் பார்த்துப் பொருமிக்கொண்டு போயிருக்கிறேன்.