அக்காவின் தொண்டையில் இருந்த மேனேஜர்

அக்கா ஒரு தண்ணீர் மோட்டார் கம்பெனியில் புகார் போன் எடுக்கிறவள். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை என்பார்கள். உள்ளே காற்று அடைத்திருக்கும், கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போடுங்கள் என்பாள். "உனக்கென்னம்மா தெரியும், யாராவது ஆம்பளையக் கூப்பிடு" என்று எரிந்து விழுவார்கள். அந்த அறையில் வேறு ஆளே கிடையாது. ஒருநாள் வந்த ஆத்திரத்தில், லைனில் கொஞ்ச நேரம் பாட்டை ஓடவிட்டு, கனத்த குரலில் "மேனேஜர் பேசறேன்" என்று அதே பதிலைச் சொன்னாள். கத்தியவர் பெட்டிப்பாம்பாக அடங்கி, "ரொம்ப நன்றி சார்" என்றார். அன்றிலிருந்து வருஷக்கணக்காக அந்த சார் அக்காவின் தொண்டையில்தான் குடியிருந்தார்.

நான் கல்லூரியில் பாலினக் கோட்பாடு நடத்துகிறவள். அந்தப் புத்தகங்களை எழுதியவர்களுக்கு நேராகப் பேச வராது. மாணவர்களுக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு மண்டை காய்ந்துவிடும். அக்காவுக்கு மட்டும் சுலபமாகச் சொல்ல முடிந்தது.

"ஆம்பளத்தனம், பொம்பளத்தனம்னு உள்ள தனியா ஒண்ணும் உக்காந்திருக்கலக்கா. நடை, பேச்சு, உக்கார்ற விதம்னு திரும்பத் திரும்பச் செய்யறோம். செஞ்சு செஞ்சுதான் அது பொறக்கும்போதே இருந்த மாதிரி ஆயிடுது. அசல்னு ஒண்ணு இல்ல, எல்லாமே காப்பி."

அக்கா துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். "சார் குரல் நான் போட்டது, சரி. 'சொல்லுங்க சார்'னு மெதுவாப் பேசறனே, அது?"

"அதுவுந்தான். சின்ன வயசுல சத்தம் போட்டுச் சிரிச்சா அம்மா அதட்டுவாங்கல்ல. இது நாடகம் மாதிரியும் இல்ல, முடிஞ்சதும் வேஷத்தக் கலைச்சுட்டுப் போறதுக்கு. மாத்திச் செஞ்சா சும்மா விடமாட்டாங்க."

அவள் தேய்ப்புப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அப்ப என் குரல் எதுடி?"

இதற்கு வகுப்பில் ஒரு மணி நேரம் பேசுவேன். இப்போது அவள் தேய்த்துவைத்த துணியை எடுத்து மடித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் புது முதலாளி பதிவாகியிருந்த பழைய அழைப்புகளைப் போட்டுக் கேட்டார். இந்த மேனேஜர்தான் கம்பெனியையே தாங்குகிறார், அவருக்குத் தனி அறையும் முறையான பதவியும் கொடுக்க வேண்டும், நேரில் வரச் சொல்லுங்கள் என்றார். அக்கா அன்று தூங்கவில்லை. அந்தப் பதவிக்கு அவள் அவ்வளவு ஆசைப்பட்டாள்.

மறுநாள் முதலாளி முன்னால் போய் நின்று, கனத்த குரலில் "நான்தான் சார் அது" என்றிருக்கிறாள். மனிதர் தன்னை அறியாமல் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். யாரென்று புரிந்ததும் உட்கார்ந்தார்.

"ஏமாத்திட்டீங்களேம்மா."

"நான் சொன்ன பதில் எதாவது தப்பா சார்?"

"பதில்லாம் சரிதான். ஆனா ஒரு ஆம்பளன்னு நெனச்சுத்தானே…"

அடுத்த வாரம் வேறொரு ஆணை மேனேஜராகப் போட்டார்கள். மோட்டாரும் தெரியாது, குரலும் கீச்சென்று இருக்கும். முதலாளி அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"அந்த சார் எப்படிப் பேசுவாரோ, அதே மாதிரி பேச இவருக்குக் கொஞ்சம் கத்துக்குடுங்கம்மா."

இத்தனை வருஷம் நான் நடத்திய பாடத்தை அந்த மனிதர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். அவருக்கு அது உறைக்கக்கூட இல்லை.

அக்கா கற்றுக்கொடுத்தாள். அவர் எடுத்த முதல் அழைப்பிலேயே, "நீங்க வேணாம், எப்பவும் பேசுவாரே, அந்த மேனேஜரைக் குடுங்க" என்று கத்தினார்கள். அவர் வியர்த்துப்போய் ரிசீவரை அக்காவிடம் நீட்டினார்.

"அவர் வேலைய விட்டுட்டார் சார்" என்றாள் அக்கா. ரிசீவரை வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.