இனிப்பில்லாத போத்தல்

ஜெர்மனியில் அகதி முகாமில் நானும் என் சிநேகிதனும் ஒரே அறையில் கிடந்தோம். வேலை செய்ய அனுமதி இல்லை. ஆற்றங்கரைச் சரிவுகளில் திராட்சை பிடுங்கக் களவாகப் போவோம். மாலையில் தோட்டக்காரர் பொரித்த ஆற்றுமீனும் அவித்த உருளைக்கிழங்கும் தருவார். கூடவே வெள்ளை வைன், ரீஸ்லிங். பச்சை அப்பிளைக் கடித்த மாதிரிப் புளிப்பு, துளி இனிப்பு இல்லை. போத்தலில் 'ட்ரொக்கன்' என்றிருக்கும். இனிப்பில்லாதது என்று அர்த்தம். ஏழாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்த மொழியில் வாசிக்கத் தெரிந்த சில சொற்களில் அது ஒன்று.

பிறகு பிரான்ஸ், மொன்றியல் என்று அலைந்து, கடைசியில் வோபர்னில் அவன் வீட்டு பேஸ்மென்றில் வந்து விழுந்தேன்.

போன மாரியில் அவனுக்கு நுரையீரலில் புற்றுநோய். மருந்து ஏற்றியதில் நாக்கு செத்துவிட்டது. சோறு மண், இறைச்சி இரும்பு என்றான். அவன் மனைவி தினமும் சமைத்தாள், தினமும் கொட்டினாள். எடை இன்னும் குறைந்தால் அடுத்த மருந்து ஏற்ற முடியாது என்று ஆசுபத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

பஸ் பிடித்துப் போய், ட்ரொக்கன் என்று எழுதியிருந்த போத்தலைத் தேடி வாங்கிவந்தேன். எங்கள் ஆட்கள் குடித்து முடித்த பிறகுதான் சோற்றில் கை வைப்பார்கள். சாப்பாட்டு மேசையில் போத்தலைக் கண்டதும் அவளுக்குக் கோபம் வந்தது.

“அண்ணை, வருத்தக்காரனுக்கு உதைக் குடுக்கிறியளோ? நல்ல சிநேகிதம்!”

“சாப்பாட்டோடதான் தங்கச்சி.”

“சோத்தோட குடியோ? ஜெர்மனியில உங்கள் ரெண்டு பேருக்கும் வேற என்ன பழக்கினவங்கள்?”

“பண்டி இறைச்சி தின்னவும் பழக்கினவங்கள். ஊத்து மச்சான்,” என்றான் அவன்.

அவள் நேர்ஸுக்குப் போன் எடுத்துக் கேட்டாள். அரைக் கிளாஸ் பரவாயில்லை என்றாராம்.

அன்று தூள் போட்ட நண்டுக்கறி. உறைப்போடு சேர்ந்து வைன் நெருப்பாய் எரிய, துப்பிவிட்டான். அடுத்த நாள் யாரும் சொல்லாமலே அவள் தேசிக்காய் பிழிந்து மீன் சொதி வைத்தாள். இடியப்பத்தைக் குழைத்து ஒரு வாய் வைத்தான், ஒரு மிடறு குடித்தான்.

“மீன் தெரியுது,” என்றான்.

நாலு இடியப்பம் சாப்பிட்டான். அவள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள்.

சில கிழமைகள் அப்படிப் போயின. பொரித்த சூடை மீன், றால் வெள்ளைக்கறி எல்லாம் அந்த வைனோடு ஒத்துப்போயின. எடை ஏறியது, மருந்தும் ஏற்றினார்கள். வருத்தம்தான் மருந்துக்குக் கேட்கவில்லை. பனி கரையத் தொடங்கியபோது அவன் போய்விட்டான்.

செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் எட்டுச்செலவுச் சடங்கன்று படைப்பது எங்கள் வழக்கம். சொந்தக்காரர் விலை கூடிய விஸ்கியோடு வந்தார்கள். அவள் அதை ஓரமாக வைத்துவிட்டு, வாழையிலையில் இடியப்பமும் சொதியும் பரிமாறினாள். பக்கத்தில், யாரிடமும் சொல்லாமல் தானே போய் வாங்கிவந்த வைன் போத்தல். ஜெர்மன் போத்தல்தான், அதே ஒடுங்கிய கழுத்து. லேபிளைப் பார்த்தேன். ட்ரொக்கன் இல்லை. இனிப்பு வைன்.

“சரிதானே அண்ணை?”

“ஓம் தங்கச்சி, உதுதான்.”

படையல் முடிந்ததும் அவனுக்கு ஊற்றி வைத்த கிளாஸை என்னிடம் தந்தாள். சொதியோடு குடித்தேன். ஒத்துப்போகவில்லை. அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். முழுவதையும் குடித்தேன்.