வேலை இல்லை என்று எழுதியவன்

பி.ஏ. பொருளாதாரம் முதலாண்டு முழுக்க எங்கள் பேராசிரியருக்கு உப்புதான் உதாரணம். விலை ஏறினாலும் இறங்கினாலும் வாங்குகிற அளவு மாறாது என்று கரும்பலகையில் செங்குத்தாக ஒரு கோடு இழுப்பார். ‘மற்றவை மாறாதிருக்கும்போது’ என்று மறக்காமல் சேர்த்துக்கொள்வார். எங்கள் ஊர் மரக்காணத்தில் ஒரு மழை பெய்தால் உப்புப் பாத்தியில் எதுவும் மிஞ்சாது என்பதை அந்தக் கோட்டுக்கு யாரும் சொல்லவில்லை. உப்பளத் தொழிலாளி மகனான நானும் சொல்லவில்லை. வகுப்பில் முதல் மார்க் வாங்கினேன். பொருளாதார நிபுணனாக இன்னும் இரண்டே வருஷம் பாக்கி என்று நம்பினேன்.

2005 கோடை விடுமுறையில் நிஜமான நிபுணர் ஒருவர் சென்னையிலிருந்து வந்தார். உப்பளம் மூடிக்கிடக்கும் மழை மாதங்களில் எந்தெந்தத் தொழிலாளிக்கு உதவித்தொகை தரலாம் என்று அறிக்கை எழுத வந்த அம்மையார். கணக்கெடுக்க என்னைச் சேர்த்துக்கொண்டார். எந்த வளைகோட்டைப் பயன்படுத்தப் போகிறோம் என்று ஆர்வமாகக் கேட்டேன். தொப்பி இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டார்.

மேதைகளின் வேலை வீடு வீடாக அலைவதுதான் என்று தெரிந்தது. ஒரே கேள்வியை எல்லோரிடமும் கேட்க வேண்டும். பதிலை நம்பாமல் மறுபடி கேட்க வேண்டும். எங்கள் பக்கம் உப்பு வாருவதற்குப் புருஷனும் பெண்சாதியும் ஜோடியாகப் போவார்கள். இருவர் கூலியும் புருஷன் கையில்தான் வரும். அதனால் வேலைக்குப் போகிறீர்களா என்று பெண்களைக் கேட்டால், “இல்ல, அவரு கூடப் போறேன்” என்பார்கள். நானும் அழகான கையெழுத்தில் ‘வேலை இல்லை’ என்று எழுதித் தள்ளினேன். அம்மாவுக்கும் அதையே எழுதினேன், அவளைக் கேட்காமலே.

அம்மையார் படிவங்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

“ஒரு பொம்பளைகூட வேலை செய்யலன்னா, நேத்து தலையில உப்பு சுமந்துட்டுப் போனவங்கல்லாம் யாருப்பா?”

இப்படியே அனுப்பினால் ஒரு பெண்ணுக்கும் உதவித்தொகை கிடைக்காது என்றார். முதல் மார்க் வாங்கியவனுக்கு மானம் போனது.

கேள்வியை மாற்றினோம்: நேற்று விடிந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள்? முதலில் அம்மாவிடம்தான் போனேன். வாரியது, சுமந்தது, குவித்தது எல்லாம் சொன்னாள். என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள். தொழிலாளி என்று எழுதுகிறேன் என்றதும் பயந்துபோனாள்.

“என் பேர எழுதுனா உங்கப்பா பேர அடிச்சிடுவாங்களாடா?”

அடிக்க மாட்டார்கள் என்று சொல்லி எழுதி முடித்தேன். வெட்கமாக இருந்தது. பிறந்ததிலிருந்து அவள் உழைப்பில் சாப்பிட்டவன் நான். அதை வேலை என்று எனக்குச் சொல்ல, சென்னையிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது.