ஒசாகாவுக்கு நேரே நாலு

எங்கள் வீட்டு டிவியை அணைத்த கையோடு திரையருகே முழங்கையை நீட்டினால், கையிலுள்ள பூனைமுடி அத்தனையும் எழுந்து நின்று படபடவென்று பொரியும். "ஷாக்கு அடிச்சுச் சாவப்போற" என்று அம்மா அடுப்படியிலிருந்தே கத்துவார். சாந்தி அக்கா ஜப்பான்காரன் "ஃபேக்டரி"யில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளருக்கென்று வரிசையாகக் கட்டியிருந்த எங்கள் "லயத்து" வீட்டுக்கு வாங்கிப்போட்ட பெட்டி அது. அடியில் மலாய் எழுத்து ஓடும் ஜப்பான் நாடகங்களை அதில் பார்த்துவிட்டு, அழுதால்கூடச் சத்தமில்லாமல் அழுகிற சனம் என்று அம்மா கேலி பேசுவார்.

தொண்ணூற்றைந்தில், பயிற்சிக்கென்று அக்காவையும் இன்னும் மூன்று பெண்களையும் ஒசாகாவுக்கு அனுப்பியிருந்தார்கள். பொங்கல் கழிந்து மிச்சக் கரும்பு சுவரில் சாய்ந்து கிடந்த ஒரு மாலை, ஜப்பானில் பூமி அதிர்ந்துவிட்டது என்று செய்தியில் சொல்லி, அந்நாட்டு ஒளிபரப்பையே அப்படியே காட்டினார்கள். சரிந்த மேம்பாலம், புகை, பிறகு ஒரு வரைபடம். அதில் ஊருக்கு ஊர் ஓர் எண். எழுத்து ஒன்றும் விளங்கவில்லை. நான் பள்ளிக்கூட "அட்லஸை"த் திறந்து, கடற்கரையின் வளைவை ஒப்பிட்டுப் பார்த்து, பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பில், "ஒசாகாவுக்கு நேரா நாலுன்னு போட்டிருக்கும்மா" என்றேன்.

"நாலு பேரா?" அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நம்ம பிள்ளைங்களும் நாலு பேருதானடி!"

"வாயக் கழுவு" என்று அப்பா அதட்டினார். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனிலிருந்த பொதுத் தொலைபேசிக்குப் போனவர், "லைனே போவலலா" என்று திரும்பி வந்தார். அதன்பிறகு யாருக்கும் சோறு இறங்கவில்லை. செய்தி நேரமெல்லாம் அம்மா திரையோடு முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு, போர்வை போர்த்தி நின்ற கூட்டத்தில் கறுத்த முகம் ஒன்றைத் தேடினார். நான் வாயைத் திறந்து சொன்னதால்தான் இப்படி ஆகிவிட்டதோ என்று பயந்து, "அட்லஸை"ப் பள்ளிக்கூடப் பைக்குள் ஒளித்துவைத்தேன்.

மறுநாள் மதியம் தொழிற்சாலையிலிருந்து ஆள் வந்து, நால்வரும் நலம் என்றார். நிலம் அசைந்த சற்று நேரத்துக்கெல்லாம் எந்த ஊரில் எவ்வளவு குலுக்கம் என்று அங்கே டிவியில் எண் போட்டுவிடுவார்கள் என்பதும், நாங்கள் உயிர்க்கணக்கென்று நினைத்து அழுதது வெறும் குலுக்கத்தின் அளவு என்பதும் அக்கா திரும்பி வந்து சொல்லித்தான் தெரிந்தது.

இன்று லயமும் இல்லை, கூரைமேல் நின்ற "ஏரியலும்" இல்லை. எங்கே எது நடந்தாலும் கைப்பேசி உடனே சொல்லிவிடுகிறது, பயப்படக்கூட அவகாசம் கிடைப்பதில்லை. போன மாதம் கிளேபாங்கில் அக்கா வீட்டில் அம்மாவும் நானுமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, இத்தனை வருடம் சொல்லாத ஒன்றை அவள் சொன்னாள். அந்தச் சமயத்தில் ஜப்பான் டிவியில், யார் யாரைத் தேடுகிறார்கள் என்று பேர் பேராக வாசித்துக்கொண்டே இருந்தார்களாம்.

"நம்ம பேரு வராதுன்னு தெரியும்லா. இருந்தாலும் ஹாஸ்டல்ல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தேன்."

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் தேடிக்கிட்டுத்தாண்டி இருந்தேன். அந்த டிவிக்காரங்ககிட்ட யாரு போய்ச் சொல்றது?"